பாம்பு எப்பிடி, அம்மா?

இரும் பிள்ளை. கோட்டைக் கழட்டி அந்தக் கதிரையில போடும். பஸ்ஸிலயே வந்தனீர், உந்தக் குளிருக்குள்ள? நான் நினைச்சன் ஆரையும் கூட்டிக்கொண்டு காரில வருவீர் எண்டு. சரி, வந்திட்டீர். முதல் தேத்தண்ணியைக் குடியும். பாம்பு எங்கயும் ஓடாது. அந்த அறைக்குள்ள பெட்டியில இருக்கு.

உமக்கு முந்தி ரெண்டு கூட்டம் வந்து போட்டுது. தங்கச்சியின்ர மகள்தான் பாம்பு குடுக்க இருக்கு எண்டு கொம்பியூட்டரில விளம்பரம் போட்டு விட்டவள். முதல் வந்தவன் ஒரு பெடியன், கையெல்லாம் பச்சை குத்தினவன். உள்ள வந்ததும் வராததுமா, ஆணோ பெண்ணோ எண்டு கேட்டான். முட்டை போட வைச்சுக் குஞ்சு விக்கப் போறானாம். அனுப்பிப்போட்டன். பிறகு ஒரு புருசனும் பெண்சாதியும். நல்ல சனம்தான், பிழை சொல்லக்கூடாது. ஆனா எத்தினை ஹைட் வைச்சிருக்கிறியள் எண்டு நான் கேக்க, ஹைட் எண்டா என்ன எண்டு என்னைத் திருப்பிக் கேட்டினம். அவைக்கு எப்பிடிக் குடுக்கிறது, சொல்லும்? இங்கிலிஷ் ஒழுங்கா வராத நானே இந்த வயசில எல்லாச் சொல்லும் பாடமாக்கி வைச்சிருக்கிறன்.

அதாலதான் உம்மை இருந்து கேட்டுக்கொண்டு போகச் சொல்லுறன். கன நேரம் எடுக்கமாட்டன்.

என்ர மகன் சாருஜன்தான் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவன். சாரு எண்டுதான் கூப்பிடுவம். அந்தப் படத்தில இருக்கிறவன்தான். சொல்லித் தந்தது எல்லாம் போனில. நேர நிண்டு சொன்னது முதல் ரெண்டு சொல் மட்டும்தான்.

தகப்பன் செத்து அடுத்த வருசம் கொண்டந்தவன் அதை. நானும் அவனும்தான் வீட்டில. ஒரு நாள் பின்னேரம் கொலிஜால வந்தவன் கையில பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டு. சாப்பாடாக்கும் எண்டு நான் மூடியைத் திறந்தன். உள்ள தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில, சப்பாத்துக் கயிறு மாதிரி ஒண்டு தலையைத் தூக்கி என்னைப் பாக்குது. நான் கத்தின கத்தில பக்கத்து வீட்டு ரீட்டா வந்து கதவைத் தட்டினவள்.

இது அமெல் அம்மா எண்டான். நான் அது பேராக்கும் எண்டு நினைச்சன். எங்கட ஊரில மீன் வள்ளம் வைச்சிருந்த சம்மாட்டி ஒருத்தரின்ர மகன் அமல் எண்டு இருந்தவன். அந்தப் பேரை ஏன் பாம்புக்கு வைச்சனி எண்டு கேட்டன். சிரிச்சான். அமெல் எண்டுறது மோர்ஃபாம். மோர்ஃப் எண்டா நிறத்தால பிரிக்கிற வகை. கோர்ன் பாம்பு எண்டுற விசமில்லாத இந்தச் சாதியில கன மோர்ஃப் இருக்கு. அமெல் எண்டா உடம்பில கறுப்பே இல்லாதது, அதாலதான் கண்ணும் சிவப்பு. பேர் தோடை, தோடம்பழ நிறமெல்லே. தமிழ்ப் பேர்தானே வைச்சிருக்கிறன், கோவிக்காதேங்கோ எண்டான். தமிழ்ப் பேர் வைச்சா நான் பாம்பைத் தூக்கிக் கொஞ்சுவன் எண்டு நினைச்சிட்டான் போல.

நான் அந்த அறைப் பக்கமே போறேல்லை அப்ப. கதவுக்குக் கீழ துவாய் சுருட்டி வைச்சிருந்தனான்.

பிறகு ஒரு நாள் படிப்பை விட்டுப்போட்டு வந்து நிக்கிறான். ட்றக் ஓடப் போறானாம். லைசன்சுக்குப் பழகி முடிச்சும் போட்டான், எனக்குத் தெரியாமல். நான் காலமை பாண் பக்டறியிலயும் பின்னேரம் ஒபிஸ் துடைக்கிற வேலையிலயும் நிண்டு படிப்பிச்ச பிள்ளை. நீரே சொல்லும், எந்தத் தாய்க்குக் கோபம் வராது? அவன் சொல்லுறான், அம்மா நீங்கள் ரெண்டு வேலை செய்தது காணும், பின்னேர வேலையை விடுங்கோ, நான் உழைக்கிறன் எண்டு. அதெல்லாம் சாட்டு, பிள்ளை. படிப்பு அவனுக்கு ஏறேல்லை. அதைச் சொல்ல வெக்கப்பட்டு என்ர தலையில போட்டவன்.

உனக்கும் எனக்கும் இனிக் கதைக்க ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டன். சொன்னாச் சொன்னதுதான், நான் அப்பிடி.

வெளிக்கிடுற அண்டைக்கு அந்த அறை வாசலில நிண்டவன். ட்றக்கில பாம்பு ஏத்த விடமாட்டினம் அம்மா, ஆர் பாக்கிறது எண்டான். வெளியில விடு எண்டன். செத்துப்போகும் எண்டான். நான் மற்றப் பக்கம் திரும்பி வெங்காயம் வெட்டினன். பாம்பை வைச்சிட்டுப் போட்டான்.

அடுத்த நாள் போன் அடிக்குது. அவன்ர நம்பர். எடுக்கேல்லை. திரும்ப அடிக்குது. எடுக்கேல்லை. பின்னேரம் வரைக்கும் விட்டு விட்டு அடிச்சுது. கடைசியா எடுத்து, "பாம்பைப் பற்றிக் கேக்கிறதெண்டாக் கேள். வேற ஒரு கதையும் வேண்டாம்" எண்டன்.

ட்றக் இரையிறது மட்டும் கேக்குது.

"பாம்பு எப்பிடி, அம்மா?" எண்டான்.

அண்டைக்குத் துவங்கினது. அதுக்குப் பிறகு ஒரு நாள் தவறேல்லை. கனடாவின்ர மற்றப் பக்கம் சஸ்கச்சுவானில நிண்டாலும் சரி, அமெரிக்காவுக்குள்ள நிண்டாலும் சரி, பின்னேரமானா அடிக்கும். "பாம்பு எப்பிடி, அம்மா?" நீங்கள் எப்பிடி எண்டு ஒரு நாள் கேட்டிருப்பானோ? இல்லைப் பிள்ளை. பெத்து வளத்தவள் ஒருத்தி இஞ்ச தனிய இருக்கிறன். அவனுக்குப் பாம்புதான் பெரிசு. தங்கச்சியிட்டயும் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறன். அவளும் சொன்னவள், இந்தக் காலத்துப் பிள்ளையள் அப்பிடித்தான் எண்டு.

தேத்தண்ணி ஆறப்போகுது. குடியும்.

முதல் கேட்டது ஹைட்டுக்குள்ள இருக்கோ எண்டு. ஹைட் எண்டா ஒளிக்கிற இடம். கவிட்டு வைச்ச சட்டி மாதிரி, ஒரு வாசலோட. பெட்டியில சூட்டுப் பக்கம் ஒண்டு, குளிர்ப் பக்கம் ஒண்டு, ரெண்டு வேணும். ஒண்டு மட்டும் வைச்சா, பயத்தில அதுக்குள்ளயே கிடந்து சூடும் தாங்கும், குளிரும் தாங்கும், வெளியில வராது. எனக்கென்ன தெரியும், நான் கதவையே திறக்கேல்லை. தெரியாது எண்டன். ஒருக்காப் பாருங்கோவன் அம்மா எண்டான். துவாயை எடுத்து, கதவைத் திறந்து, தூர நிண்டு எட்டிப் பாத்தன். தலை மட்டும் வெளியில தெரிஞ்சுது. சொன்னன். சந்தோசம் அவனுக்கு. அடுத்த நாள் தண்ணிக் கிண்ணத்தைப் பாக்கச் சொன்னான். அடுத்த நாள் தண்ணி மாத்தச் சொன்னான். அப்பிடி அப்பிடி என்னை அந்த அறைக்குள்ள இழுத்துப்போட்டான்.

பிறகு சூட்டுக் கதை. நான் வீட்டு ஹீற்றரைக் குறைச்சுத்தான் வைக்கிறனான். ஸ்வெற்றர் போட்டாக் காணும்தானே, ஒரு ஆளுக்கு ஏன் முழு வீட்டையும் கொதிக்க வைக்கவேணும்? அது அவனுக்குத் தெரியும். தெர்மோஸ்டாட்டில எத்தினை காட்டுது எண்டு கேட்டான். சொன்னன். காணாது அம்மா, கூட்டி வையுங்கோ, தோடைக்குக் குளிரக்கூடாது எண்டான். ஒவ்வொரு மாரியும் இதே பாடம். நானும் கூட்டி வைச்சன், ஒரு உயிரெல்லே. பேந்து ஒரு நாள் கடையில எலி வாங்கப் போகேக்க அங்க வேலை செய்யிற பெட்டை சொன்னாள், பெட்டிக்கு அடியில சூட்டு மெத்தை இருந்தா அதுவே பாம்புக்குக் காணும், வீட்டைக் கூட்டத் தேவையில்லை எண்டு. பாத்தீரே? அவனுக்கே வடிவாத் தெரியாது, எனக்குச் சொல்லித் தர வந்திட்டான்.

எலி எண்டோன்ன முகத்தைச் சுழிக்கிறீர். பழகும். எனக்கே பழகீட்டுது, வெள்ளிக்கிழமையில மீன் சட்டி தொடாத எனக்கு. பிங்கி எண்டா பிறந்து மயிர் முளைக்காத எலிக்குஞ்சு, சின்னப் பாம்புக்கு. தோடை இப்ப பெரிய எலி தின்னுற ஆள். ஐஸில உறைஞ்சு வரும். சுடுதண்ணியில வைச்சு நல்லா இளக விட்டு, இடுக்கியால பிடிச்சு நீட்டவேணும், கையால குடுக்கக்கூடாது. அவன்ர கண்டிப்பு என்னெண்டா, நான் சாப்பிட்டு முடிச்சாப் பிறகுதான் பாம்புக்குக் குடுக்கவேணும். எனக்குச் சீனி வருத்தம் இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடாட்டிக் கை நடுங்கும். நடுங்கிற கையோட போனாத் தோடை பயந்து கொத்திப்போடும் எண்டு சொல்லுவான். "இண்டைக்குக் கை நடுங்குதோ அம்மா? என்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டு தூண்டித் துருவிக் கேப்பான். கிழமைக்கு ஒருக்காத் தின்னுற பாம்புக்கு ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்வி.

தின்னக் குடுத்து ரெண்டு நாளைக்குத் தூக்கக்கூடாது. இதை மறக்காதையும். நான் ஒருக்கா, தூக்கப் பழகின பிறகு, பெட்டி துடைக்கிறதுக்கு எண்டு எலி தின்ன அடுத்த நாளே தூக்கிப்போட்டன். அவ்வளவையும் வெளியில கக்கிப்போட்டுது. அதை ரிகேர்ஜ் எண்டு சொல்லுவினம். சாதாரண சத்தி இல்லை, பாம்புக்கு அது பெரிய வருத்தம். நான் உடன அவனுக்கு அடிச்சன். நானா அவனுக்கு எடுத்த முதல் போன் அதுதான். ஏசுவான் எண்டு பாத்தன். ஏசேல்லை. ரெண்டு கிழமை சும்மா விடுங்கோ, பிறகு சின்ன எலியாக் குடுங்கோ, வயிறு ஆறட்டும் எண்டான். பிறகு, நீங்கள் முதல் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடியுங்கோ எண்டான். நான் பதறினதில பாம்பை இன்னும் என்ன செய்துபோடுவன் எண்டு அவனுக்குப் பயம்.

புளூ எண்டு ஒண்டு வரும், அதுக்குத்தான் நான் அழுதது. ஒரு நாள் பாக்கிறன், அந்தச் சிவப்புக் கண் ரெண்டும் பால் படிஞ்ச மாதிரி நீலமாப் போட்டுது. நிறமெல்லாம் மங்கி, ஹைட்டை விட்டு வெளியில வருதில்லை. கண் போட்டுதாக்கும் எண்டு நினைச்சன். என்ர மனுசனுக்கும் கடைசியில கண்தான் முதல் போனது. பின்னேரம் போன் வந்ததும் பாம்புக்குக் கண் தெரியேல்லை எண்டு சொல்லத் துவங்கினன், அழுகை வந்திட்டுது. அவன் சிரிச்சான். வீட்டை விட்டுப் போனாப் பிறகு அவன்ர சிரிப்பை அண்டைக்குத்தான் கேட்டனான். "அம்மா, அது புளூவில இருக்கு. தோல் கழட்டப் போகுது. கொஞ்ச நாளில கண் தெளியும், பயப்படாதேங்கோ" எண்டான். அந்த நேரம் அதுக்குக் கண் மங்கலாத்தான் தெரியும், ஆர் தொட்டாலும் திடுக்கிடும். ஈரப் பாசி கொஞ்சம் வைச்சிட்டு விட்டிடவேணும்.

சொன்ன மாதிரித்தான் நடந்தது. தோலைக் கழட்டிப்போட்டு, இப்பதான் தீட்டின மாதிரி வந்துது. தோல் தலையில இருந்து வால் நுனி வரைக்கும் ஒரே துண்டா இருக்கவேணும், அதுதான் நல்ல ஷெட். அண்டைக்குத்தான் முதல் முதல் அதைக் கையில எடுத்தனான். குளிரும் எண்டு நினைச்சன், குளிரேல்லை. வழுக்கும் எண்டு நினைச்சன், அதுவும் இல்லை. கையைச் சுத்திக்கொண்டு கிடந்துது. இந்த வீட்டில என்னை ஒரு உயிர் தொட்டுக் கன காலம், பிள்ளை.

இடையில இடையில வீட்ட வருவான். ஒரு நாள் நிண்டு நித்திரை கொண்டு, உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு போவான். நேரில நாங்கள் கதைக்கிறேல்லை. சோறு போட்டு மேசையில வைப்பன், தின்னுவான். ஒருக்கா நான் பாம்பைக் கையில வைச்சிருக்கேக்க படம் எடுத்தவன். பாம்பைப் படம் எடுக்கிறன் அம்மா, அசையாமல் நில்லுங்கோ எண்டு. பிறகு அந்தப் படத்தைக் கண்டன். என்ர முகம்தான் முழுக்க. பாம்பின்ர வால் கொஞ்சம் ஒரு மூலையில. படம் எடுக்கவும் தெரியாது.

ஐஸ் மழை பெய்த அந்த மாரி நீர் இஞ்ச இருந்தனீரோ? எங்கட தெருவில மரமெல்லாம் முறிஞ்சு வயருக்கு மேல. மத்தியானம் கறன்ட் போனது, வரேல்லை. ஹீற்றர் இல்லை, அடுப்பு இல்லை, பாம்பின்ர சூட்டு மெத்தை இல்லை. அவன் மனிற்றோபாவில எங்கயோ ரோட்டில. எப்பிடி அறிஞ்சானோ, உடன அடிச்சான். ரீட்டா வீட்டில காஸ் நெருப்பு இருக்கு, தோடையை எடுத்துக்கொண்டு அங்க போங்கோ எண்டான். பாம்பைக் காவிக்கொண்டு சனத்தின்ர வீட்ட போகச் சொல்லுறான், பாரும். மாட்டன் எண்டன். கெஞ்சினான். மாட்டன் எண்டன். பேந்து சொன்னான், அப்ப தோடையை உங்கட சட்டைக்குள்ள விடுங்கோ, மேல ஸ்வெற்றரைப் போடுங்கோ, அதுக்கு மேல கோட், அதுக்கு மேல வீட்டில இருக்கிற போர்வை முழுக்க. கட்டிலை விட்டு இறங்காதேங்கோ. நீங்கள் சூடா இருந்தாத்தான் தோடை தப்பும் எண்டு.

அப்பிடித்தான் கிடந்தன். நெஞ்சுக்கு மேல பாம்பு. முதல் கொஞ்சம் நெளிஞ்சுது, பிறகு சுருண்டு ஒட்டிக்கொண்டு படுத்திட்டுது. அவன் பற்றரி முடியாமல் ஒரு சொல், ரெண்டு சொல்லில அடிச்சுக்கொண்டே இருந்தான். பாம்பு எப்பிடி? பாம்பு அசையுதோ? நீங்கள் நித்திரையாகிட்டீங்களெண்டாப் பாம்பை ஆர் பாக்கிறது, அம்மா? முழிச்சிருங்கோ. இன்னொரு போர்வை எடுங்கோ. பொழுதுபட எனக்குப் பொறுக்கேல்லை. அண்டைக்குத்தான் வாய் விட்டுச் சொன்னனான்.

"பாம்பு நல்லா இருக்கு. நான்தான் விறைச்சுப் போறன். அதைக் கேக்க ஆளில்லை" எண்டன்.

அவன் மெல்லமா, "பாம்பு நல்லா இருந்தாக் காணும், அம்மா" எண்டான்.

கேட்டீரே? இவ்வளவுக்குப் பிறகும் அதுதான் சொன்னவன். பாம்பு நல்லா இருந்தாக் காணுமாம். நான் போனைக் கட்டிலில போட்டிட்டு அழுதன். அழுதழுது, பாம்பு அசையக்கூடாதே எண்டு அழுகையையும் அடக்கினன். அடுத்த நாள் கறன்ட் வந்தது. ரெண்டு பேருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.

நான் என்ன சொல்ல வந்தனான்? ஓம், ப்ரூமேஷன். மாரி காலத்தில சில பாம்புகள் சாப்பாட்டை விட்டிடும். ஊர்ந்து திரியாது, சும்மா ஒரு மூலையில கிடக்கும். வருத்தம் இல்லை அது. குளிர் காலம் முடியிற வரைக்கும் உடம்பை அடக்கி வைச்சிருக்குமாம். போன மாரி தோடை எலியைத் திரும்பியும் பாக்கேல்லை. ரெண்டு தரம் இளக்கி வைச்சு, ரெண்டு தரமும் எறிஞ்சன். நான் பயந்துபோய்ச் சொல்ல, அவன்தான் இந்தச் சொல்லைச் சொல்லித் தந்தான். அதுதான் அவன் சொல்லித் தந்த கடைசிச் சொல்.

அண்டைக்கு ரோட்டில பனி கொட்டுது எண்டு சொன்னவன். சுப்பீரியர் ஏரிக்கரையால வாற ரோட்டு. பொங்கலுக்கு வீட்ட நிப்பன் எண்டான். நான் ம் எண்டன். பிறகு என்னவோ தெரியேல்லை, அண்டைக்கு வேற மாதிரிக் கேட்டான்.

"ரெண்டு பேரும் சுகமோ, அம்மா?"

அடுப்பில கறி வைச்சிருந்தனான். அடிப்பிடிக்கிற மணம் வந்திட்டுது. "பாம்பு சுகம்" எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சன்.

அடுத்த நாள் மத்தியானம் பொலிஸ் ரெண்டு பேர் வந்தவை. ஒருத்தி தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சிருந்தவள். அவள் இங்கிலிஷில சொன்னது எனக்கு முழுக்க விளங்கேல்லை, ஆனா தொப்பியைக் கண்டு விளங்கீட்டுது. எதிரில வந்த ட்றக் வழுக்கினதாம். இவனில பிழை இல்லையாம். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னவள், அவனில பிழை இல்லை எண்டு.

செத்த வீட்டுக்கு அவனோட ட்றக் ஓடின பஞ்சாபிப் பெடியன் ஒருத்தன் வந்தவன், குர்ப்ரீத் எண்டு. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டான். நீங்கள்தான் பாம்பு வளக்கிற அம்மாவோ எண்டு கேட்டான். அது என்ர இல்லை, அவன்ர பாம்பு எண்டன். சாரு ஒவ்வொரு தரிப்பிடத்திலயும் ஆக்களுக்குப் படம் காட்டுவானாம், என்ர அம்மா இந்த வயசில பாம்பு வளக்கிறா எண்டு. அந்தப் படம்தான், நான் சொன்னனே, பாம்பே தெரியாத படம்.

சடங்குகள், ஆக்கள், சாப்பாடு எண்டு நாள் போச்சுது. அந்த அறையை நான் திறக்கேல்லை. ஒரு காலமை எல்லாரும் போய் வீடு வெறுமையா இருக்கேக்கதான் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பாக்கிறன், தண்ணிக் கிண்ணம் காய்ஞ்சு கிடக்கு. ஹைட்டைத் தூக்கினன். உயிரோட இருந்துது. கையை வைச்சன். திடீரெண்டு ஒரு நாத்தம், அழுகின மாதிரி, என்ர கையெல்லாம். இவ்வளவு காலமும் அது எனக்கு அப்பிடிச் செய்ததே இல்லை. பேந்து கடைப் பெட்டைதான் சொன்னவள், அதுக்குப் பேர் மஸ்க் எண்டு. ஆர் எண்டு தெரியாமல் பயந்தாப் பாம்பு அப்பிடி மணத்தை விடுமாம். அந்தச் சொல்லு அவன் சொல்லித் தராதது. அதை நான் வேற ஆளிட்டத்தான் படிச்சன்.

அதுக்குப் பிறகு நல்லாத்தான் பாத்தன், பிள்ளை. மாரி முடிய எலி தின்னத் துவங்கீட்டுது. போன மாசமும் ஒரே துண்டா ஷெட். குறை ஒண்டும் இல்லை. ஆனா பின்னேரமானா நான் போய்ப் பெட்டியைப் பாத்திட்டு வந்து போனுக்குப் பக்கத்தில இருக்கிறன். ஹைட்டுக்குள்ள இருக்கு, குளிர்ப் பக்கத்து ஹைட். தண்ணி குடிச்சிருக்கு. கண் தெளிவா இருக்கு. எல்லாம் சொல்ல ஆயத்தமா இருக்கிறன். ஆர் கேக்கிறது? கேக்க ஆளில்லாமல் எனக்கேன் பாம்பு?

தங்கச்சி தன்னோட வந்து இருக்கச் சொல்லுறாள். அவளின்ர மருமகன் பாம்பெண்டா வாசலுக்கே வராத ஆள். வாற மாசம் இந்த வீட்டை விடுறன்.

உமக்குக் குடுக்கலாம் எண்டு நான் யோசிச்சுப்போட்டன். போனிலயே சொன்னனீர், ரெண்டு ஹைட் வாங்கி வைச்சிருக்கிறன் எண்டு. ஆயத்தமா வைச்சிட்டுத்தானே கேட்டனீர், அது பிடிச்சுது எனக்கு. பெட்டியையும் சாமானையும் தங்கச்சியின்ர மகள் சனிக்கிழமை காரில கொண்டந்து தருவாள். பாம்பை இண்டைக்குக் கொண்டு போம். எலி தின்னு நாலு நாளாச்சு, இப்ப தூக்கினால் ஒண்டும் செய்யாது.

இரும், எடுத்துக்கொண்டு வாறன்.

இந்தாரும். தலையணை உறைதான், தோய்ச்சது. முடிச்சு இறுக்கமா இருக்கு, மூச்சு விடும், பயப்படாதையும். கையில தூக்கிக்கொண்டு போகாதையும், வெளியில உறைஞ்சு போகும். கோட்டைத் திறவும். இல்லை, கோட்டுக்குள்ள மட்டும் காணாது, ஸ்வெற்றருக்கும் உள்ளால வையும். அப்பிடித்தான். நெஞ்சோட ஒட்டி. இப்ப ஸிப்பைப் பூட்டும். கழுத்து வரைக்கும். கையுறை எங்க? போடும். பஸ் தரிப்பில காத்துக்குள்ள நிக்காதையும், கடை வாசலுக்குள்ள நிண்டு பஸ்ஸைக் கண்டாப் பிறகு வாரும். வீட்ட போனதும் முதல் உமக்குச் சூடா ஏதும் போட்டுக் குடியும். சாப்பிட்டிட்டுப் படும். உம்மட உடம்பு சூடா இருந்தாத்தான்...

ஏன் பிள்ளை அழுகிறீர்? நான் பாம்புக்காகத்தானே சொல்லுறன்.